கொழும்பு – சிங்கப்பூர், ஏழு மணி நேரம்

11 ஜூலை 1951, புதன்

காலையில் மழை. பந்தல் ஓலை நனைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தங்கை பரமத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை இன்னும் கொழும்பில். நாளை விமானத்தில் வருகிறார். சிங்கப்பூருக்கு வடக்கே நூற்றைம்பது மைல் தள்ளிக் கிளேபாங்கில், எங்கள் தெருவில் யாரும் விமானம் ஏறியதில்லை, அதனால் ஆளுக்கொரு கணக்கு.

வென்றது அப்பாவின் கணக்கு. ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர், விடுவாரா? தூரம் ஆயிரத்து எழுநூறு மைல். புறப்பாடு காலை ஆறு. பறப்பது ஏழு மணி நேரம்.

"ஒரு மணிக்குச் சிங்கப்பூரிலை இறங்கும். தம்பி காரோடை நிண்டால், ஊரடங்குக்கு முதல் வீடு." காட்டில் சண்டை என்பதால் இருட்டினால் ரோட்டை மூடிவிடுகிறார்கள்.

முகூர்த்தம் காலை 6.40. மாப்பிள்ளை வீட்டார் யாழ்ப்பாணத்தில் குறித்து அனுப்பியது. தவறினால் ஆடி பிறந்துவிடும், அவர் லீவும் முடிந்துவிடும். பிறகு எப்போதோ.

வாங்க வேண்டியது: வெற்றிலை, தேங்காய் இன்னும் இருபது, எனக்குச் சேலைக்கு ஊசி.

பரமம் கேட்கிறாள்: "அக்கா, பிளேனிலை அவருக்குத் தலை சுத்துமோ?" போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள். அதற்குள் இவ்வளவு கவலை.

12, வியாழன்

நல்ல வெயில். இரண்டு மணிக்கு எதிர்வீட்டு டாக்டர் வீட்டுப் போனில் தம்பி, சிங்கப்பூரிலிருந்து.

"பிளேன் வரேல்லை அக்கா. மூண்டு மணிக்காம். பிந்தேல்லையாம், அதுதான் நேரமாம்."

"பிந்திப்போட்டுச் சாட்டுச் சொல்லுறாங்கள்," என்றார் அப்பா.

சட்டென்று உறைத்தது. கொழும்பு ரேடியோவில் மணி சொல்லும்போது தினமும் கேட்கிறோமே! "அப்பா, அங்கை எங்களைவிட ரெண்டு மணித்தியாலம் பின்னுக்கு."

அப்பா எழுந்து அறைக்குள் போய்விட்டார். ஆயுள் முழுக்க டைம்டேபிள் பார்த்தவர். பாவமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது.

ஏழுக்கு மறுபடி போன். வழியில் பத்து பகாட் என்ற ஊரில் ரோட்டை மூடிவிட்டார்களாம். காலை ஆறுக்குத்தான் திறப்பு. மூவாரில் படகில் காரை ஏற்றி, ஆற்றைக் கடந்து வர எட்டு தாண்டும். கடலைத் தாண்டி வந்தவர் வீட்டுக்கு அறுபது மைலில் மாட்டிக்கொண்டார். பரமம் ஒரே அழுகை.

ஐயர் பந்தலில் ஓமகுண்டத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டேன்.

"ஐயா, இந்த ஆறு நாப்பது எந்த ஊர் ஆறு நாப்பது?"

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பஞ்சாங்கத்தை வெகுநேரம் புரட்டினார். படித்தாரோ, படிப்பதுபோல் இருந்தாரோ.

"யாழ்ப்பாண மணியெண்டால் இங்கை எட்டு நாப்பது. செய்யலாம் பிள்ளை."

அப்பாவின் கதவருகே போய் உரக்கச் சொன்னேன். உள்ளே நாற்காலி நகரும் சத்தம்.

13, வெள்ளி

மழை இல்லை. கார் வந்தது எட்டே காலுக்கு. மாப்பிள்ளை சட்டை கசங்கி, கண் சிவந்து. கிணற்றடிக்கே தள்ளிக்கொண்டு போனார்கள். பரமம் ஜன்னலால் எட்டிப் பார்த்துவிட்டு, "போட்டோக்காரனுக்குப் படம் எடுக்கத் தெரியேல்லை அக்கா," என்றாள். நிம்மதி.

நேரம் தள்ளிப்போனதால் அடுத்த ஊர் தங்கா பத்துக்காரர் எல்லோரும் ரோடு திறந்ததும் வந்துவிட்டார்கள். சோறு போதவில்லை. இன்னொரு உலை.

தாலி கட்டும் நேரம். மேளக்காரருக்குக் கை காட்டும் முன் அப்பா சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நானும் எட்டிப் பார்த்தேன்.

ஆறு நாற்பது. ராத்திரியே முள்ளைக் கொழும்பு மணிக்குத் திருப்பி வைத்திருக்கிறார்.

அப்பா என்னைப் பார்த்தார்.

"ரைட் டைம்," என்றார். கையை உயர்த்தினார்.