ஸ்பிரிங் ஏன் உடைகிறது

12 நவம்பர் 2008

காலையில் மெஷின் சத்தமே இல்லை. கரண்ட் கட் என்று நினைத்தேன். கரண்ட் இருந்தது, ஆர்டர்தான் இல்லை. வண்டிக் கம்பெனிகள் ஒன்று விடாமல் "இப்போதைக்கு ஸ்பிரிங் அனுப்ப வேண்டாம்" என்று சொல்லிவிட்டன. ஓசூர் சிப்காட்டில் பாதி ஷெட்டுகள் இப்படித்தான் கிடக்கின்றன.

முதலாளி மாதேஷ் என் டேபிளுக்கே வந்தார். "பவளம், நம்ம வெப்சைட்டு சும்மாதானே கெடக்குது, அத ஏதாச்சும் பண்ணும்மா. வெளியூர்க்காரன் எவனாச்சும் தேடிப் பாத்து வந்தான்னா ஷட்டர எறக்காம ஓட்டிக்கலாம்."

பில் அடிக்கிறவளிடம் கேட்கிற வேலையா இது? சரி என்றேன். என் வீட்டுக்காரர் இவரும் இதே ஷெட்டில்தான் கிரைண்டிங் பார்க்கிறார். ஷட்டர் இறங்கினால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போகும்.

19 நவம்பர்

கூகுளில் ஸ்பிரிங் கம்பெனி என்று தேடினேன். பத்தாவது பக்கம் வரை போனேன். நாங்கள் இல்லை.

2 டிசம்பர்

எழுதி முடித்தேன். 'ஸ்பிரிங் ஏன் உடைகிறது' — ஆங்கிலத்தில், நீளமாக. எங்களிடம் வாங்குங்கள் என்று ஒரு வரிகூட இல்லை. உடைந்ததைத் திருப்பி அனுப்பிச் சண்டை போடுகிறவர்களுக்கு இத்தனை வருடமும் பதில் எழுதியவள் நான்தானே. எது எங்கள் தப்பு, எது அவர்கள் மாட்டியதில் வந்த தப்பு என்று எனக்குத் தெரியாதா? இவர் உடைந்த துண்டு ஒன்றை எடுத்துவந்து, துருவிலிருந்து விரிசல் கிளம்பின இடத்தைக் காட்டினார். போட்டோ எடுத்துச் சேர்த்தேன்.

"ஏட்டி, நம்ம தப்பையும் சேத்தா எழுதுத?" என்றார். ஆமாம், அதையும்தான்.

9 ஜனவரி 2009

கோயம்புத்தூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜ் வாத்தியார் — முன்பின் தெரியாத மனிதர் — மெக்கானிக்கல்காரர்கள் இன்டர்நெட்டில் கூடிப் பேசும் ஒரு ஃபோரத்தில் என் பக்கத்துக்கு லிங்க் கொடுத்திருக்கிறார். "ஒழுங்காக எழுதியிருக்கிறார்கள், படியுங்கள்" என்று. இப்போது தேடினால் நான்காம் பக்கத்தில் வருகிறோம்! நாலு பேர் கைகாட்டினால்தான் கூகுள் நம்மைத் திரும்பிப் பார்க்கும் போல. எழுதுவது நம் கையில், கைகாட்டுவது ஊரார் கையில்.

மாதேஷிடம் ஓடினேன். "நாலாம் பக்கமா? அதுவரைக்கும் எவன்மா போவான்?" அவர் கேட்டதும் நியாயம்தான்.

27 ஜனவரி

பெங்களூரிலிருந்து ஸ்ரீராம் என்று ஒருவன். மாதேஷின் மச்சான் அனுப்பிய ஆள். ஆயிரம் லிங்க் போட்டு ஒரே மாதத்தில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவானாம். என் கட்டுரையை மேலிருந்து கீழே உருட்டினான். "மேடம், இவ்ளோ யார் படிப்பாங்க? லிங்க் இருந்தா போதும்."

சைட்டின் பாஸ்வேர்டு கேட்டான், கொடுத்துவிட்டேன். முதலாளி பக்கத்தில் நிற்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

18 பிப்ரவரி

முதல் பக்கம்! மாதேஷ் ஷெட்டுக்கே ஸ்வீட் வாங்கிவந்தார். ஸ்ரீராமோடு போனில் கன்னடத்தில் ஒரே சிரிப்பு. நானும் மைசூர்பாக் தின்றேன், பொய் சொல்வானேன்.

19 பிப்ரவரி

இன்றுதான் சைட்டைத் திறந்தேன். என் கட்டுரை இல்லை. அந்த இடத்தில் 'ஓசூரில் ஸ்பிரிங், சூளகிரியில் ஸ்பிரிங், குந்தாரப்பள்ளியில் ஸ்பிரிங்' என்று முழுநீளத்துக்கு. குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு பிடிக்க வருகிறவனுக்கு ஸ்பிரிங் எதற்கு? நம்மைக் கைகாட்டுகிற ஆயிரம் சைட்டும் என்ன சைட்? லாட்டரி, ஜோசியம், உடம்பு இளைக்க மாத்திரை. வாத்தியார் கொடுத்த லிங்கை அழுத்தினால் 'பக்கம் இல்லை' என்று வருகிறது.

நானே திரும்பப் போடலாம் என்றால் பாஸ்வேர்டை மாற்றி வைத்திருக்கிறான். ஸ்ரீராமிடம் கெஞ்சினேன். உங்கள் லிங்க் அது பாட்டுக்கு இருக்கட்டும், கட்டுரையை அதே முகவரியில் திரும்பப் போட்டுவிடுங்கள் என்று. "பாக்கறேன் மேடம்" என்றான். மாதேஷிடமும் சொன்னேன். "இப்பத்தான் மொத பக்கத்துக்கு வந்துருக்குது, அதுல போயி கைய வெக்கச் சொல்றயேம்மா" என்றார்.

6 மார்ச்

இரண்டு போன் வந்தது. இரண்டு பேரும் கட்டில் மெத்தை ஸ்பிரிங் கேட்டார்கள்.

23 மார்ச்

காணோம். நாலாம் பக்கமும் இல்லை, நாற்பதாம் பக்கமும் இல்லை. கம்பெனிப் பெயரை முழுதாக அடித்தாலும் வரவில்லை. காசுக்குப் போட்ட லிங்க் என்று கூகுள்காரர்கள் கண்டுபிடித்துத் தூக்கிவிட்டார்கள் போல. யாரிடம் போய் முறையிடுவது? கரண்ட் ஆபீஸ் என்றால் வாசலிலாவது போய் நிற்கலாம். ஸ்ரீராம் போனை எடுப்பதில்லை. புது பாஸ்வேர்டு அவனிடம். நான் எழுதினது, நானே திரும்பப் போட முடியல. ஒண்ணும் செய்ய முடியல. ஒண்ணுமே.

20 ஏப்ரல்

புனேயிலிருந்து போன். பம்பு செய்கிறவராம். ஃபோரத்தில் அந்த லிங்கைப் பார்த்து ஆசையாக அழுத்தியிருக்கிறார், பக்கம் இல்லை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று நினைத்து வருஷ ஆர்டரை வேறு இடத்தில் கொடுத்துவிட்டாராம். கட்டுரை மட்டுமாவது கிடைக்குமா என்று எங்கெங்கோ விசாரித்து நம்பர் பிடித்திருக்கிறார்.

மாதேஷ் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். ரிசீவரை வைத்ததும், "என்னாம்மா, ஆர்டரா?" என்றார்.

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல?

என் கம்ப்யூட்டரில் இருந்த கட்டுரையைப் போட்டோவோடு மெயிலில் அனுப்பினேன். கீழே கம்பெனிப் பெயரும் போன் நம்பரும் போட்டேன், பழக்கதோஷம்.

30 மே

மெஷின்களை லாரியில் ஏற்றினார்கள். இவர் தன் கிரைண்டிங் மெஷினைத் துடைத்துக் கொடுத்தார். மாதேஷ் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

11 ஆகஸ்ட்

இவருக்குச் சூளகிரிப் பக்கம் காண்ட்ராக்ட் வேலை. எனக்கு பஸ் ஸ்டாண்ட் எதிரே பிரவுசிங் சென்டரில் டைப்பிங். இன்று கூட்டமில்லை. சும்மா தேடிப் பார்த்தேன், 'ஸ்பிரிங் ஏன் உடைகிறது' என்று இங்கிலீஷில்.

முதல் பக்கம். முதல் இடம். புனேக்காரர் என் கட்டுரையை ஃபோரத்தில் முழுக்கப் போட்டிருக்கிறார், இவர் காட்டிய விரிசல் போட்டோவோடு. எங்கெங்கோ இருந்து அதற்கு லிங்க். 'தன் தப்பையும் எழுதுகிறவர்களிடம் நம்பி வாங்கலாம்' என்று சொல்லி, கீழே எங்கள் கம்பெனிப் பெயர், நம்பர். அதற்கும் கீழே யாரோ நேற்று எழுதியிருக்கிறார்: 'ஆர்டர் கொடுக்கக் கூப்பிட்டேன். போன் போகவில்லை. வேறு நம்பர் யாரிடமாவது இருக்கிறதா?'

வெளியே வந்து ஒரு ரூபாய் போனில் அந்த நம்பரை அடித்தேன். உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண்குரல், தமிழில் ஒருதரம், இங்கிலீஷில் ஒருதரம். முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தேன்.