உங்க சீட்டை மட்டும் கழற்றல

ஏங்க,

ஹாலைப் பார்த்துப் பதறாதீங்க, திருடன் வரல. ஸ்டெப்னி, ஜாக்கி, பின்சீட்டு, பாப்பாவோட சீட்டு, உங்க குடை எல்லாத்தையும் நான்தான் காரிலிருந்து இறக்கி வெச்சேன். இன்னைக்கு டிராக்ல ஓட்டப்போறேன். எடை குறைஞ்சாத்தான் வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேட்கும்.

சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சுட வெச்சுக்குங்க. பிளம்பர் வந்தா கிச்சன் குழாயைக் காட்டுங்க. பாப்பா ஸ்டெப்னி மேல ஏறிக் குதிப்பா, கொஞ்சம் கண்ணு வெச்சுக்குங்க.

நேத்து, "பல் டாக்டருக்கு எதுக்கு இந்த ரேஸ் கிறுக்கு?"ன்னு கேட்டீங்க. படுத்துக்கிட்டே பதில் யோசிச்சேன், தூக்கம் போனதுதான் மிச்சம். நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ளயே குனிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்கேன். அந்த நீளமான வளைவுல மட்டும்தான் நிமிர்ந்து தூரமாப் பார்க்கிறேன். இதுக்கு மேல சொல்லத் தெரியல.

கிளம்பிட்டேன்.

இல்ல, இன்னும் கிளம்பல. கோபத்துல உங்க சீட்டையும் கழற்றிடலாம்னு கீழ போய் ஸ்பேனரை எடுத்தேன். மூணு போல்ட்டு வந்துடுச்சு. நாலாவதுல கை வெச்சதும் மனசு கேட்கல. எல்லாத்தையும் திரும்ப முடுக்கிட்டேன்.

இன்னொண்ணு: சாயங்காலம் கடைசி ரவுண்டுல பக்கத்துல ஒருத்தர் உட்காரலாமாம். பாப்பாவைப் பார்த்துக்க என் தங்கச்சி வருவா, சொல்லிட்டேன். நீங்க டாக்ஸி பிடிச்சு வந்துடுங்க. உங்க தலைக்கும் ஒரு ஹெல்மெட் எடுத்து வெச்சிருக்கேன்.

நீங்க ஏறினா வண்டி மெதுவாத்தான் போகும். பரவாயில்ல, வாங்க.