சாட்சி நீட்டிய கை

செப்டம்பர் 2, செவ்வாய்

ஸ்னூக்கர் போட்டி அட்டவணை வந்துவிட்டது. நான் மேல் பாதியில், என் மச்சினன் கீழ்ப் பாதியில். இறுதி ஆட்டம்வரை வந்தால்தான் அவன் முகத்தில் விழிக்க வேண்டியிருக்கும். அதுவரை வர அவனுக்கு யோக்கியதை கிடையாது. எனக்கு — சரி, எனக்கும் கொஞ்ச நாளாகக் கை சரியில்லை. அதை ஊருக்குத் தண்டோரா போட வேண்டியதில்லை.

அவனுக்கு நான் வைத்திருக்கும் பெயர் சாட்சி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே தகுதிச் சுற்றில், நடுவர் கவனிக்காத ஒன்றை, எனக்கு எதிராக ஆடிய இவன் நாற்காலியிலிருந்து எழுந்து போய்ச் சொன்னான். நான் குனிந்து அடித்தபோது என் சட்டைக்கை ஒரு சிவப்புப் பந்தில் பட்டதாம். விரலை நீட்டிக் காட்டினான். பவுல் கொடுத்தார்கள், ஃப்ரேம் போனது, ஆட்டமும் போனது. பத்து வருஷம் ஒரே மேசையில் என்னோடு பயிற்சி செய்தவன். என் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. ஆட்டம் முடிந்து அவன் கை கொடுக்க வந்தபோது, சாக்கட்டியைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சில்லை. அவன் கையைத் தொட மாட்டேன். எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

பயிற்சி முடிந்து கிளம்பும்போது கிளப் முதலாளி கூப்பிட்டார். இந்தக் கோப்பையை வென்றால் ஒழிய அடுத்த வருஷம் தொழில்முறை ஆட்டக்காரர் பட்டியலில் எனக்கு இடமில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கிறது. “அப்படி ஒருவேளை ஆயிட்டா, நம்ம கவுண்டர்ல உக்காந்துடுங்க. வர்றவங்களுக்கு மேசை ஒதுக்கணும், லைட்டைப் போட்டு அணைக்கணும், அவ்வளவுதான்” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். அதனால்தான் இவ்வளவு கோபம் வந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். பரிதாபப்படுகிறவனை என்ன செய்வது?

செப்டம்பர் 15, திங்கள்

தகுதிச் சுற்று, முதல் ஆட்டம். ஒரே கூடத்தில் எட்டு மேசை, நடுவில் தட்டி. பக்கத்துத் தட்டியில் யாராவது தும்மினால் என் பந்து நடுங்குகிறது. எதிராளிக்கு இருபது வயது இருக்கும். “எங்க அப்பா உங்க ஆட்டம்னா உயிரை விடுவார் சார்” என்றான். நான் என்ன, அருங்காட்சியகத்தில் வைத்த யானை எலும்பா? ஐந்து ஃப்ரேமுக்கு ஒன்று என்று முடித்து அனுப்பினேன். அப்பாவிடம் போய்ச் சொல்லட்டும்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாவது சுற்றும் ஜெயித்தேன். சாட்சியும் ஜெயித்தானாம். யாரும் கேட்காமலே வந்து சொல்கிறார்கள்.

செப்டம்பர் 18, வியாழன்

மூன்றாவது சுற்று. எதிராளி ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மேசையைப் பிரதட்சிணம் செய்தான். அவன் சுற்றி வருவதற்குள் எனக்கு இன்னொரு நரைமுடி வந்திருக்கும். ஐந்துக்கு நான்கு. தகுதி பெற்றாயிற்று.

வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி சமையலறையில் ரகசியமாக போன் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். அவனும் தகுதி பெற்றுவிட்டான் என்று அந்தத் தாழ்ந்த குரலிலேயே தெரிந்துவிட்டது. அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். உங்களுக்குத்தான் அவன் பேச்சே ஆகாதே, எதற்குக் கேட்கிறீர்கள் என்றாள். நியாயம்தான். அதற்காக நியாயமாகப் பேசுகிறவர்களோடு குடும்பம் நடத்துவது சுலபமில்லை.

அக்டோபர் 6, திங்கள்

பெரிய அரங்கம். தட்டி இல்லை, தும்மல் இல்லை, ஒரே ஒரு மேசை, தலைக்கு மேல் வெள்ளை வெளிச்சம். நடுவராக வந்த அம்மாள் கையுறை போட்டுக்கொண்டு பந்தைத் துடைக்கும்போது சிரிப்பே கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது. சிரிக்காத ஒரு ஆளாவது இந்த விளையாட்டில் இருக்கட்டும்.

முதல் சுற்று ஜெயித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

அரையிறுதிக்கு வந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவனும். கண் பட்டுவிடும் என்று எதையும் நினைக்காமல் படுக்கப் போகிறேன்.

அக்டோபர் 11, சனி

நாளை இறுதி ஆட்டம். நானும் சாட்சியும்.

இவள் சாப்பாட்டைப் பரிமாறிவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “அவன் என் தம்பி. நீங்க என் புருஷன். நான் யாருக்குக் கைதட்டுறது?” என்றாள். கைதட்டவே வேண்டாம், வீட்டிலேயே இரு என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நான் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

நேற்றையதை இன்று காலையில்தான் எழுத முடிகிறது.

ஆரம்பத்திலேயே கை குலுக்கும் சடங்கு உண்டு. நான் ஒரு கையில் கியூ கோல், ஒரு கையில் தண்ணீர்ப் பாட்டில் என்று போய் நின்று தலையை மட்டும் ஆட்டினேன். அவனும் ஆட்டினான். நாள் முழுக்க ஆடி ஆளுக்கு எட்டு ஃப்ரேம். மிச்சம் ஒன்றே ஒன்று. அதை எடுப்பவனுக்குக் கோப்பை.

அந்தக் கடைசி ஃப்ரேமும் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் பிங்க் பந்தை நான் பாக்கெட்டில் போட்டேன். மேசையில் கருப்பு மட்டும். கருப்புக்கு ஏழு புள்ளி. நான் சரியாக ஏழு புள்ளி முன்னால். நான் போட்டால் முடிந்தது. அடித்தேன். மூலைப் பாக்கெட்டின் வாயில் இரண்டு தரம் முட்டி, விளிம்பிலேயே நின்றுவிட்டது. குழந்தை ஊதினால்கூட விழும். இனி அவன் முறை. அவன் போட்டுவிட்டால் சமன், பிறகு கருப்பை மறுபடி வைத்து ஆட வேண்டும்.

சாட்சி எழுந்தான். மேசைக்குப் போகவில்லை. கியூவை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்து கை நீட்டினான்.

“நல்லா ஆடினீங்க, அத்தான்.”

ஒரு நொடி எனக்கு ஒன்றும் ஓடவில்லை. பிறகு புரிந்தது. அவன் மனக்கணக்கில் ஒரு புள்ளி தப்பு. எட்டு புள்ளி பின்னால் இருக்கிறோம், கருப்பைப் போட்டும் பயனில்லை என்று நினைத்துவிட்டான். புள்ளிப் பலகை அவன் முதுகுப் பக்கம். அவன் முறையில் அவன் கை நீட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாக அர்த்தம். நான் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. பிடிக்காவிட்டால் தொடரும். சட்டம் அவ்வளவுதான்.

கோப்பை. பட்டியலில் இடம். கிளப் கவுண்டர். எல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் என் கண்ணில் பட்டது அந்தக் கை மட்டும்தான். என் சட்டையைக் காட்டிக்கொடுத்த அதே விரல். இரண்டு வருஷம் கழித்து இப்போது அத்தானாம் — எந்த அத்தான்? யாருக்கு அத்தான்? கை எழவே இல்லை. திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

நடுவரம்மாள் எங்கள் இருவரையும் பார்த்தாள். “அவர் ஏத்துக்கல. ஆட்டம் தொடருது. வித்தியாசம் ஏழு” என்றாள்.

அவன் திரும்பிப் பலகையைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை. போய்க் கருப்பைப் போட்டான். சமன். கருப்பை மறுபடி வைத்தார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று அடி தடுத்து ஆடினோம். நான் கொஞ்சம் இடம் விட்டேன். மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அடித்துப் போட்டுவிட்டான்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. அவனுக்கில்லை. எனக்கு.

எதிராளியின் தவறில் ஜெயிக்க விரும்பாத உத்தமனாம் நான். யாரோ ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கியூவை உறையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியேறினேன்.

வீட்டில் இவள் மட்டும் கைதட்டவில்லை. “தன் மூக்கறுந்தாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆகட்டும்னு சொல்வாங்க. நீங்க மூக்கை அறுத்துக்கிட்டதுதான் மிச்சம். அவனுக்குச் சகுனம் நல்லாத்தான் ஆச்சு” என்றாள். பதினாறு வருஷம் குடும்பம் நடத்தினவளை ஏமாற்ற முடியுமா?

அக்டோபர் 14, செவ்வாய்

டிவியில் அவனைப் பேட்டி எடுத்தார்கள். உங்கள் அத்தான் ஏன் கையைப் பிடிக்கவில்லை என்று கேட்டாள் அந்தப் பெண். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சொல்லட்டும். சொல்வதுதானே அவன் குணம்? அவனுக்குத் தெரியாதா என்னை?

“அவர் அப்படித்தாங்க. ஆடித்தான் ஜெயிக்கணும்னு நினைப்பார்” என்றான்.

பொய்.

அக்டோபர் 24, வெள்ளி

சங்கத்திலிருந்து போன். விளையாட்டின் மானத்தைக் காப்பாற்றியதற்காக எனக்குத் தனிச் சலுகையில் இரண்டு வருஷத்துக்குப் பட்டியலில் இடம் தருகிறார்களாம். நன்றி என்றேன். வேறு என்ன சொல்வது? ஐயா, அது நேர்மையில்லை, வெறும் பகை என்றா? வாய் வரைக்கும் வந்தது. கவுண்டர் நாற்காலி ஞாபகம் வந்ததும் உள்ளே போய்விட்டது.

முதலாளி மிட்டாய் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். நான் எடுக்கவில்லை.

அக்டோபர் 29, புதன்

கிளப்புக்கு வந்தான். கோப்பை வாங்கினவன் முகமாக இல்லை. நான் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்தேன். வந்து சுவரில் சாய்ந்து நின்றான்.

“என் கையைத் தொடக்கூடாதுன்னுதானே அப்படிச் செஞ்சீங்க?” என்றான்.

ஆமாம் என்றேன். அப்பாடா என்று இருந்தது.

“அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சும் டிவில ஏன் சொல்லல? சொல்றதுதானே உன் வழக்கம்.”

“அன்னைக்குச் சட்டை பட்டுது, பாத்தேன், சொன்னேன். இப்பவும் சொல்வேன். அது ஆட்டம். இது நம்ம வீட்டு விஷயம்.”

படவில்லை என்றேன். பட்டது என்றான். படவில்லை என்று இன்னொரு தரம் சொன்னேன். வேலைக்காரர் மேசையைத் துடைக்க வந்ததால் அது அப்படியே நின்றது. இவன் சாட்சி சொன்னதும் எனக்கு நஷ்டம், சொல்லாமல் விட்டதால் கிடைத்த லாபமும் இவன் போட்ட பிச்சை. எதைத்தான் பொறுப்பது?

நவம்பர் 5, புதன்

இன்றும் வந்தான். வேறு மேசை காலியில்லை என்றார் முதலாளி. மூன்று மேசை காலியாகக் கிடந்தது எனக்கும் தெரியும்.

ஒரு ஃப்ரேம் ஆடினோம். வாயைத் திறக்காமல்தான் ஆடினோம். கருப்பு மட்டும் மிச்சம் இருக்கும்போது நான் பதினொரு புள்ளி பின்னால். கியூவைச் சாய்த்து வைத்துவிட்டுக் கை நீட்டினேன்.

அவன் முதலில் திரும்பிப் புள்ளிப் பலகையைப் பார்த்தான். பிறகுதான் பிடித்தான்.