கவிதாவின் பருத்திமார் எத்தனால்

மாசி 14, செவ்வாய்

இன்று ஆய்வகத்தில் கவிதாவின் எத்தனால் எரிந்தது. பஞ்செடுத்த பிறகு காட்டில் வீணாக நிற்கும் பருத்திமாரிலிருந்து, அந்தக் காய்ந்த செடித்தண்டிலிருந்து, எடுத்தது. பேராசிரியர் அதைக் கிண்ணத்தில் ஊற்றிப் பற்றவைத்ததும் சுடர் நீலமாக எழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான்கு வருடமாக நானும் அதே மாரைத்தான் வேகவைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கூழைப் புளிக்கவைக்க நான் போடும் ஈஸ்ட் ஒவ்வொரு முறையும் பாதியில் செத்துப்போகும். அவள் வெந்த கூழை, ஈஸ்டைக் கொல்லும் கசடு போக, இரண்டு முறை கூடுதலாகக் கழுவியிருக்கிறாள். அவ்வளவுதான். அது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மதியம் என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, உங்க நோட்டைப் பாத்துத்தானுங்க ஆரம்பிச்சேன். கட்டுரைல உங்க பேரையும் சேத்துப்போடட்டுங்களா?"

"வேண்டாம் கண்ணு. அது உன்னோட உழைப்பு," என்றேன்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் சொல்லிக் கேட்ட பேராசிரியர் எல்லோர் முன்னாலும், "ஸ்டெல்லாவோட மனசு யாருக்குங்க வரும்?" என்றார். பஸ்ஸில் போத்தனூர் வந்து சேரும்வரை அந்தப் பேச்சு குத்திக்கொண்டே இருந்தது.

மனசாவது ஒன்றாவது. அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் வேண்டாம் என்றேன்.

சற்றுமுன் ஜெபத்தில் அவளுக்காக வேண்டிக்கொள்ளப் பார்த்தேன். கவிதா என்று பெயரைச் சொன்னேன். நன்றாக இருக்கட்டும் என்று சொல்ல வாய் வரவில்லை.