கங்கம்மா பெட்டி இருக்கிற வீடு

தேவேந்திரனுக்கு வெதுருகுப்பத்துல இருந்து அம்மா எழுதறது. நீயும் மருமக ஹரிப்ரியாவும் பேத்தி ஹர்ஷினியும் அந்தக் குவைத்து வெயில்ல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு கங்கம்மா கிட்ட கேட்டுக்கினேன், கேட்டுட்டுத்தான் உன்னைத் திட்ட உக்காந்தேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்ல, முட்டி வலி கூட இந்தக் கோவத்துல ஓடிப் போச்சு. போன்ல சொன்னா சிக்னல் இல்லம்மான்னு வச்சிடுவ, அதனால எழுதி, அங்க வேலைக்குத் திரும்பற பங்காருபாளையம் சலீம் கையில குடுத்தனுப்பறேன், கூட மாங்கா ஊறுகாயும் இருக்குது, என்ன பண்றது, பெத்த வயிறு கேக்கல.

போன வெள்ளிக்கிழமை உன் சித்தப்பா மகன் சம்பத் திருப்பதியில இருந்து கார் எடுத்துக்கினு வந்தான், முன் சீட்டுல அவன் அம்மா ரத்னம்மா. சாமியோட வெள்ளிக் கண்ணும் சூலமும் இருக்கிற நம்ம கங்கம்மா பெட்டியை எடுத்துக்கினு போக வந்தோம், அண்ணன் ஒத்துக்கினாருன்னான். நான் நம்பல. போனை அமுத்தினான், உன் குரல் வந்துச்சு. சம்பத் வீடு பெருசும்மா, பூஜை ரூமே நம்ம கூடம் அளவு இருக்குது, பெட்டி அங்க இருந்தா என்ன, இது ஒரு பெரிய விஷயமான்னு. என் வாசல்ல வந்து உன் குரலே பெட்டியைத் தூக்கிக் குடுத்துச்சு, அதுவும் அவங்க டிரைவர் முன்னாடி.

எது பெரிய விஷயம்னு நீ எனக்குச் சொல்றியா. இந்த வீட்டுக்குப் பெரிய மருமகளா வந்தவ நான். பெரிய மருமகள்னா நடுக் கூடத்துல உக்கார்றவ இல்ல, எல்லாருக்கும் முன்னாடி எழுந்து எல்லாரும் துன்ன பிறகு துன்றவ. உங்க நைனா என் தோளு உசரம்தான், ஆனா தெலுங்குக்காரங்க கூட பெத்தாயன, பெரியவரு வராருன்னு எழுந்து நிப்பாங்க, ஏன்னா வெள்ளம் வந்த வருஷம் கழுத்தளவு தண்ணியில பெட்டியைத் தலையில வச்சிக்கினு நடந்தவரு அவரு. அன்னைக்கு ரத்னம்மா எதைக் காப்பாத்தினா தெரியுமா, அவ தையல் மிஷினை. உங்க நைனா பெரிய காரியத்துக்கு வந்தப்பவும் இலை முன்னாடி உக்காந்துக்கினு தயிர் எங்கன்னு கேட்டவ அவ, நான் மறக்கல. இப்போ சொல்றா, அக்கா கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்கன்னு. அவளுக்கு எது வேணும்னாலும் என் மனசுதான் பெருசாவணும். பித்தளை அண்டா அப்படித்தான் போச்சு, கெணத்தடி மாமரமும் அப்படித்தான் போச்சு. சம்பத் மாதிரி லிப்ட் வச்சா அது பெரிய கட்டடம்டா, பெரிய வீடு ஆவாது. பெட்டி இருக்கிற வீடுதான் நம்ம பங்காளிங்களுக்கெல்லாம் பெரிய வீடு, ஆடிப் பொங்கலுக்கு அங்கதான் முதல் அடுப்பு பத்தும், அதுல இருந்து நெருப்பு வாங்கித்தான் மத்தவங்க பானை வைக்கணும். நீ ரத்னம்மா முன்னாடி நெருப்புக்குக் கை நீட்டறதை நான் உயிரோட இருந்து பாக்கணுமா.

வெள்ளிக்கிழமை சாமி வாசல் தாண்டாது, ஞாயித்துக்கிழமை வாங்கன்னு சொல்லி அனுப்பிட்டு, மறுநாளே பெட்டியைப் புடவையில மூட்டை கட்டி பஸ் ஏறி நகரிக்கு உன் தங்கச்சி கன்னிகா வீட்டுக்குப் போய்ட்டேன். ஒத்தை ரூம், அதுல பாதிக்கு மேல பவர்லூம் தறி, கரண்ட் இருக்கிற வரைக்கும் பேசறது காதுல விழாது. மருமகன் சிரஞ்சீவி ஒரு வார்த்தை கேக்கல, நூல் மூட்டையை வெளிய தள்ளி, தன் துணி வைக்கிற அலமாரியைக் காலி பண்ணி சாமிக்கு இடம் குடுத்தாரு. கன்னிகாதான் அழுதா, கட்டிக்குடுத்த பொண்ணு வீட்டுக்குப் பொறந்த வீட்டு சாமி வரலாமா, அண்ணன் கோச்சிக்கும்மான்னு. அண்ணன் வேணாம்னு குடுத்துட்டான், நீ எடுத்துக்கினா என்னடின்னேன். அன்னைக்கு ராத்திரியே ஊருக்குத் திரும்பிட்டேன், நம்ம பூசாரி ஆதிகேசவனும் இது வழக்கம் இல்லன்னு இழுத்தாரு. பெரியவன் போன்லயே சாமியைத் தள்ளி விடறது எந்த ஊர் வழக்கம்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை சம்பத் வந்து வெறும் பலகையைப் பாத்துட்டு, பெரிம்மா இது நியாயமான்னு குதிச்சான். உன் பூஜை ரூம் பெருசாச்சேப்பா, காத்தாட இருக்கட்டும்னு சொல்லிட்டு நான் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டேன்.

இந்த வருஷம் ஆடிப் பொங்கல் நகரியில, தறி ஓரமா. நீ லீவு போட்டு வர்றதா இருந்தா பானையோட வா, உன் தங்கச்சி கையால நெருப்பு வாங்கி ரெண்டாவது அடுப்பா வை. வெக்கமா இருந்தா இருக்கட்டும், அது நீயே சம்பாதிச்சது. பெட்டியைத் திருப்பிக் குடுன்னு மட்டும் கேக்காத, கன்னிகா தலையில கை வச்சுக் குடுத்துட்டேன். பேத்தி நல்லா படிக்கட்டும், உன் கை காலுக்கு ஒரு கொறையும் வராம கங்கம்மா பாத்துக்குவா, அவளுக்கு என்னை மாதிரி கோவம் நிக்காது. பிரஷர் மாத்திரையை விடாத. ஊறுகாயில ஈரக் கரண்டி போடாத.

இப்படிக்கு,
கோவம் இன்னும் ஆறாத உன் அம்மா
கிருஷ்ணம்மா