எலுமிச்சைத் தொட்டியில் காளான்

வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் கணவருக்குப் பூஞ்சை என்றாலே பிறவிப் பகை. பால்கனித் தொட்டியில் எலுமிச்சைக் கன்றின் அடியில் காளான் முளைத்ததைப் பார்த்ததும், மனுஷர் பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்துவிட்டார். நேற்று அதில்தான் இருவருக்கும் வாய்ச்சண்டை முற்றியது. ரொட்டிக்கடையில் வேலை பார்க்கும் மனைவி, காலையில் கிளம்புமுன் ஒரு சீட்டில் எழுதினாள்:

"என்னங்க, கிண்ணத்துல மாவு மூடி வச்சிருக்கேன். நல்லா உப்பினதும் ஓவன்ல வச்சிடுங்க. அதை உப்ப வைக்கிற ஈஸ்ட்டும் நீங்க திட்டுற பூஞ்சைக் கூட்டம்தான். என் பிழைப்பே அதுலதான் ஓடுது. சாவி ஆணியில மாட்டியிருக்கு.

தொட்டியில மட்டும் எதையும் தெளிச்சிடாதீங்க. சுவர்ல படருறது வேற, அதை நீங்க தாராளமாச் சுரண்டுங்க. இது காய்ஞ்ச இலையை மக்க வச்சு, கன்னுக்குச் சாப்பாடு போடுது.

போன மழைக்காலத்துல நிமோனியா வந்து கிடந்தீங்களே, அப்போ போட்ட ஊசி ஞாபகம் இருக்கா? அந்த மருந்தை முதமுதல்ல பூஞ்சையிலிருந்துதான் எடுத்தாங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க எழுந்து உட்கார்ந்த அன்னைக்கே அந்தக் குலத்துக்கு ஒரு கும்பிடு போட்டுட்டேன். அதான் நேத்து அவ்வளவு கத்திட்டேன்."

செருப்பை மாட்டியவள் திரும்பி வந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"கோபத்துலதான் எழுப்பாம போறேன்னு நினைச்சுக்காதீங்க. இருமல் இல்லாம நீங்க தூங்குறதைப் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன். முதல் பஸ் போயே போச்சு."