சுதனின் முழங்காலில் ஒரு குறையும் இல்லை

என் பாசத்துக்கும் எரிச்சலுக்கும் உரிய மச்சான் சுதனுக்கு,

நீ போய் இன்றோடு இருபத்தைந்து நாள். முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்குக் கொடுக்க நினைவு மலர் அச்சாகிறது. "அண்ணை, நீங்கள்தான் அவரோட கனகாலம் விளையாடினது. ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்று உன் மனைவி கேட்டாள். அவள் என் தங்கை, மறுக்க முடியுமா? மற்றவர்கள் எழுதித் தந்ததை முதலில் வாசித்தேன். பண்பாளன், பெருந்தன்மையாளன், தனக்கென வாழாதவன். வாசிக்க வாசிக்க வயிறு எரிந்தது. செத்த மனிதன் மேலும் பொறாமைப்படலாம் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும்.

உன்னைக் கண்ட நாளிலிருந்தே எனக்குப் பொறாமைதான். மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பாடசாலை ஜிம்மில் நீ முதன்முதலாகப் பந்தைத் தட்டிய அன்றே நான் இரண்டாம் ஆளாகிவிட்டேன். அதுவரை நம் கூடைப்பந்துக் கழகத்தில் இருந்த ஒரே தமிழன் நான். பிறகு பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை, கூடைக்குள் போடுவது உன் வேலை என்றாயிற்று. சனம் போட்டவனைத்தானே பார்க்கும்? உன் பதினோராம் இலக்கச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஹெய்ட்டிப் பிள்ளைகள்கூட வந்தார்கள். என் இலக்கம் என்னவென்று என் அம்மாவுக்கே தெரியாது.

அது பெரிய கழகமும் இல்லை. தளபாடக் கடை முதலாளி ஒருவர் நடத்தியது. கியூபெக்குக்குள் ஊர் ஊராக வான் வண்டியில் ஏறிப் போய் விளையாடுவோம். எங்களுக்குக் கைச்செலவுக்கு ஏதோ தருவார்; உனக்கு மட்டும் உண்மையான சம்பளம். ஆனாலும் பகலில் தையல் தொழிற்சாலையில் பெட்டி ஏற்றிய எனக்கு, 'நானும் காசுக்கு விளையாடுகிறவன்' என்று சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது. அது போனால் நான் வெறும் பெட்டி ஏற்றுகிறவன்.

ஊரில் சமாதானம் என்று எல்லோரும் விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் நினைவிருக்கிறதா? அந்தப் பருவம் தொடங்குமுன் உன் சம்பளம் பாதியாகிவிட்டதென்று கடைகளிலெல்லாம் கதை. நீயே சிரித்துக்கொண்டு சொன்னாயாம். ஏனென்று கேட்டவர்களுக்கு, "கழகத்துக்குக் கஷ்டம், நான்தான் குறைச்சனான்" என்றாயாம். யார் நம்புவார்கள்? நம் ஆட்களுக்கு ஒருவனின் சம்பளம் குறைந்தால் அவனில் ஏதோ பழுது இருக்கிறது என்று அர்த்தம். தானாகக் குறைத்துக் கேட்டவனை நாம் கண்டதில்லை. நானும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், சந்தோஷப்பட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் நகரின் புறத்தே ரொக்ஸ்பரோவிலிருந்து உனக்கு ஒரு சம்பந்தம் பேசிவந்தது. வசதியான குடும்பம், படித்த பெண். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிப்பதென்றால் கூட இருப்பவனிடம்தானே விசாரிப்பார்கள்? பெண்ணின் தகப்பன் ஜிம்முக்கு வெளியே காரை நிறுத்தி, என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைப் பாதி இறக்கினார்.

"தம்பி, பொடியன் நல்லவன்தானே?"

"நல்லவன் ஐயா."

"அப்ப ஏன் சம்பளத்தைக் குறைச்சவங்கள்?"

தயங்குகிறவன் போலப் பனியைக் காலால் தட்டினேன். அதுதான் என் கெட்டித்தனம். பிறகு சொன்னேன்: "எனக்கு வடிவாத் தெரியாது ஐயா. முழங்கால் முந்தின மாதிரி இல்லையெண்டு கதைக்கினம்."

ஒருவரும் கதைக்கவில்லை. நான்தான் கதைத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். சம்பந்தமும் அதோடு போயிற்று.

அதோடு என் வயிற்றெரிச்சல் தீர்ந்திருக்க வேண்டும். எங்கே தீர்ந்தது? வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதையாக, அடுத்த வருடம் அம்மா உன்னைத் தங்கை வசந்திக்குக் கேட்கச் சொன்னார். "பொடியனுக்கு முழங்கால் பிழையாமே" என்று நானே இழுத்தேன். அம்மா விடவில்லை. "போன கிழமை எங்கட அரிசி மூட்டையைத் தோளில வைச்சுக்கொண்டு மூண்டு மாடி ஏறினவன். அவன்ர முழங்காலில என்ன? வெறுங்கையோட வந்த உனக்குத்தான் மூச்சு வாங்கினது."

எங்கள் வீட்டில் மீன் தலை எப்போதும் என் சோற்றுக் கோப்பைக்குத்தான் வரும். கலியாணத்துக்குப் பிறகு அது உன் கோப்பைக்குப் போயிற்று. அதைக்கூட நீ எனக்குத் தூக்கிப் போட வந்தாய். வேண்டாம் என்று முறைத்தேன். ஐந்து வருடம் இப்படியே போனது. போன மாதம் நெடுஞ்சாலைப் பனியில் உன் கார் வழுக்கியது.

செத்தவீட்டு மண்டபத்துக்கு எமில் வந்திருந்தார். நம் பழைய பயிற்சியாளர் இப்போது நன்றாகக் கிழண்டுவிட்டார். மொன்ட்ரியால்-நோரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தாராம். என் பக்கத்துக் கதிரையில் இருந்து மெல்லப் பிரெஞ்சில் சொன்னார். உன் சம்பளம் பாதியான அந்த வருடம் முதலாளி இரண்டு பேரை விலக்கச் சொன்னாராம். ஒருவன் நான், மற்றவன் நம் நெட்டை மார்க். நீ போய் உன் சம்பளத்தில் பாதியைக் குறைத்து எங்கள் இரண்டு பேரையும் வைத்திருக்கச் சொன்னாயாம். "ரவி இல்லாவிட்டால் எனக்குப் பந்து யார் தருவது?" என்றாயாம். என் காதுக்கு மட்டும் போகக்கூடாது, போனால் நான் ரோசத்தில் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்றும் சொன்னாயாம்.

போயிருப்பேன்தான். உனக்கு என்னை அவ்வளவு தெரிந்திருந்தது.

மண்டபத்தில் நான் அழுததைப் பார்த்து எல்லோரும் முதுகைத் தடவினார்கள். உனக்காகத்தான் அழுதேன் மச்சான். ஆனால் அதில் பாதி ஆற்றாமை. நீ காசாசை பிடித்தவனாக இருந்திருந்தால் நான் திட்டி ஆறியிருப்பேன். சம்பளம் ஏன் குறைந்ததென்று அந்த ரொக்ஸ்பரோ ஐயாவிடம் நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் சம்பந்தம் குழம்பியிராது. சொன்னால் என் பெயர் வெளியே வந்திருக்கும். நான் உன் முழங்காலை உடைத்துக்கொண்டிருந்தபோது நீ என் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தாய். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

நேற்று வசந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"முழங்கால் கதை அவருக்குத் தெரியும் அண்ணை. ஆர் சொன்னது எண்டு அந்த ஐயாவே பேந்து சொல்லிப்போட்டாராம். 'உன்ர அண்ணர் பொய் சொல்லாட்டி நீ எனக்குக் கிடைச்சிருக்க மாட்டாய்' எண்டு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்."

"கோவிக்கேல்லையே?"

"கோவிச்சவராம். ஒரு கிழமை உங்களோட கதைக்கேல்லையாம். நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லையாம்."

பிறகு அவள் மடிப்பதை நிறுத்தினாள். "சம்பளத்தை உங்களுக்காகத்தான் குறைச்சவர் எண்டு எனக்கும் சொல்லேல்லை அண்ணை" என்றாள். பதினோராம் இலக்கச் சட்டையை மட்டும் மடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். என் தங்கையிடம்கூட மறைத்தாயே, எப்படியடா முடிந்தது?

உனக்கு ஒரு புதினம் சொல்ல இருக்கிறது. வருகிற பருவத்துக்கு என்னை உதவிப் பயிற்சியாளராக வரச்சொல்லிக் கழகம் கேட்டது. மார்க்குக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். "அவனையும் எடுங்கள், எனக்குப் பாதி போதும்" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் வந்தேன். அன்று மாலைக்குள் மரக்கறிக் கடையில் சொன்னேன், முடிவெட்டுகிற இடத்தில் சொன்னேன், மெட்ரோவில் அரைகுறையாய்த் தெரிந்த ஒருவரையும் பிடித்துச் சொன்னேன். மார்க்குக்கே நான் போன் எடுத்துச் சொல்லித்தான் தெரியும். உன்னைப் பார்த்துச் செய்ததிலும் நீதான் வென்றாய்.

இந்தப் பக்கத்தை ஒரு வரியும் வெட்டாமல் மலரில் போடச் சொல்லியிருக்கிறேன். ரொக்ஸ்பரோ ஐயாவும் முப்பத்தொன்றுக்கு வருவார். வாசித்துவிட்டு என்னோடு கதைக்காமல் போனாலும் போகட்டும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் மச்சான். அடுத்த முறை யாருக்காவது எதையாவது விட்டுக்கொடுத்தால் நான் வாய் திறக்கமாட்டேன். வசந்திக்கும் சொல்லமாட்டேன். உனக்கு மட்டும் சொல்லுவேன்.

ஒரு பொய்யால் உன்னைச் சொந்தமாக்கிக்கொண்ட
உன் மச்சான்
ரவி